கடைசி சீன்ல மழை பெய்யல, பவுன்ராசு அண்ணே!

பவுன்ராசு அண்ணன் போயிட்டாரு. இன்னைக்குக் காலைல, அல்லிநகரம் வீட்ல. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்லயாம்.

நேத்து சாயங்காலம் தேனி தியேட்டர்ல எனக்குப் பக்கத்து சீட்டுல இருந்து விசிலடிச்ச மனுசன்யா... எப்பிடி நம்புறது?

அழுகை அழுகையா வருது. ஆனா நேத்து நடந்ததை நினைச்சா இன்னமும் புல்லரிக்குது, அதைச் சொல்லாம இருக்க முடியல. ஸ்பாய்லர் இருக்கு, படம் பாக்காதவுக இங்கனயே நின்னுக்கங்க.

பழனிசெட்டிபட்டில ஒரு தண்ணி கம்பெனில நாங்க ஒண்ணா வேலை பாத்தோம். நான் ஆபீஸ்ல பில்லிங், அண்ணன் டேங்கர் லாரி.

லோடு ஏறுற நேரமெல்லாம் ஸ்டியரிங் மேல ஒரே ஒரு நாவலை விரிச்சு வச்சிருப்பாரு. முடிச்சாருன்னா மறுபடி முதல் பக்கம்.

கதை சிம்பிள். மழையில்லாத ஊர்ல ஒரு வெவசாயச் சம்சாரி, ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்காதவன். மானாவாரிக் காட்டை உழுதுட்டு மழைக்குக் காத்துக் கிடக்கான். கடைசி வரைக்கும் மழை பெய்யாது. மறுநாளும் அவன் மம்பட்டியத் தூக்கிட்டுக் காட்டுக்குப் போவான். அம்புட்டுதான்.

"நல்லவுக இருக்கிற ஊர்ல மழை பெய்யும்னு சும்மாவா சொன்னாக?"ன்னு ஒரு தடவை வாயக் குடுத்துட்டேன். போச்சு, அண்ணன் எகிறிட்டாரு!

"அப்ப மழை பெய்யாத ஊர்ல இருக்கிறவுக எல்லாம் கெட்டவுகளா ஆத்தா? எங்க கடமலைக்குண்டுப் பக்கம் வந்து சொல்லிப் பாரு, செருப்பால அடிப்பாக. வானம் யாருக்கும் கூலி குடுக்காது. அது தெரிஞ்சும் ஒருத்தன் ஒழுங்கா இருக்கான் பாரு, அவன்தான்த்தா ஆளு!"

அந்த நாவலைப் படமா எடுக்கிறாகன்னு நியூஸ் வந்ததும் அண்ணனுக்குத் தூக்கம் போச்சு. "கடைசில மழையப் பெய்ய வச்சு, ஹீரோவ ஸ்லோமோஷன்ல ஆட விட்ருவாய்ங்க. புத்தகம் செத்துரும்த்தா..."

ஷூட்டிங் எங்கன? அண்ணன் ஊர்ப் பக்கமே! கடைசி சீனுக்கு ரெண்டு லோடு தண்ணி வேணும்னு ஆர்டர் எங்க கம்பெனிக்கே வந்துச்சு பாருங்க...

அன்னைக்கு மத்தியானம் ஷூட்டிங்ல இருந்து எனக்கு போன். "மேடம், உங்க டிரைவர் தண்ணி பூராத்தையும் ஒரு முருங்கைத் தோட்டத்துல திறந்து விட்டுட்டாரு!"

அண்ணனைக் கேட்டா, "ஆமாத்தா, விட்டேன். மழை சீனுக்குத்தான தண்ணி? என் லாரில இருந்து அந்தப் பாவம் நடக்காது!"

அட கெரகமே! அது மழைக்கே இல்ல. மாட்டுவண்டி ஓடுறப்ப புழுதி கிளம்பி கேமராவ மறைக்குதுன்னு ரோட்டுல தெளிக்கக் கேட்ட தண்ணி.

அன்னைக்குப் புழுதில டைரக்டர் தும்முன தும்மல் ஊருக்கே கேட்டுச்சாம். முருங்கைத் தோட்டக்காரரு மட்டும் அண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டாராம், "மழை மாதிரி வந்தீக சாமி"ன்னு. அண்ணனுக்கு அதுலயும் கோவம்!

அடுத்த லோடை அவரே கொண்டுபோயி ரோடு பூரா தெளிச்சுட்டு, "மன்னிச்சுக்கங்க சார்... ஆனா கடைசில மழை உண்டா இல்லையா?"ன்னு டைரக்டர் மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்காரு. அவரு சிரிச்சுட்டு "தியேட்டர்ல வந்து பாருங்கண்ணே"ன்னுட்டாராம்.

அதோட விட்டுச்சா? டிரெய்லர்ல ஒரே ஒரு ஷாட்டு. கருகருன்னு மேகம். "இடி இடிக்குதாத்தா! முடிஞ்சுச்சு!"ன்னு ஆபீஸ் வாசல்ல நின்னு கத்துனாரு.

நேத்து முதல் நாள். அண்ணனுக்கு உடம்பு சரியில்ல, போக வேணாம்னு அவரு வீட்டம்மா, எங்க மதினி, சொன்னாக. கேக்கணுமே! மதினியையும் இழுத்துக்கிட்டு வந்துட்டாரு.

கிளைமாக்ஸ். மேகம் திரளுது. இடி. சம்சாரி அண்ணாந்து பாக்குறான். அண்ணன் என் கையப் பிடிச்சு நசுக்குறாரு. "வேணாம்டா... வேணாம்டா..."

மேகம் கலைஞ்சுச்சு. சுள்ளுன்னு வெயில். அவன் மம்பட்டிய எடுத்தான்.

படம் முடிஞ்சுச்சு!!!

"என்னய்யா படம், ஒரு மழையாச்சும் பெஞ்சிருக்கலாம்"னு பின்னாடி ஒருத்தரு. அண்ணன் சீட்டு மேல ஏறி நின்னு "பெய்யலய்யா! பெய்யவே இல்ல!"ன்னு விசிலடிச்சாரு பாருங்க... மதினி முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டாக. நானும் விசிலடிச்சேன், காத்துதான் வந்துச்சு.

இன்னைக்குச் சாயங்காலம் அண்ணனைத் தூக்குற நேரம். மேக்க மலையில இருந்து சடசடன்னு மழை இறங்குச்சு.

"நல்ல மனுசன் போறாருல்ல, அதான் வானமே அழுகுது"ன்னு பந்தல்ல ஒரு பெரியவரு சொன்னாரு. சுத்தி நின்னவுக எல்லாம் ஆமா ஆமான்னாக.

எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. எழவு வீடுன்னும் பாக்கல.

"இல்லய்யா. இது ஆடிச் சாரல். வருசா வருசம் பெய்யும்"னு சத்தமா சொல்லிட்டேன்.

எல்லாரும் என்னைய ஒரு மாதிரியா பாத்தாக. மதினி மட்டும் அழுதுக்கிட்டே சிரிச்சாக.

படம் ஜெயிச்சிருச்சுண்ணே. போயிட்டு வாங்க.