ராத்தாக்கு எல்லாம் தெரியும்

எங்கள் ஒபீஸில் ஒரு பகிடி இருந்தது. யாராவது ஒரு ஃபைலைத் தேடினால், யாருக்காவது பழைய மெசேஜ் ஒன்று வேண்டுமென்றால், "ராத்தாட்டக் கேளு, ராத்தாக்கு எல்லாம் தெரியும்" என்பார்கள். அங்கே மேலாளரைத் தவிர எல்லோரும் எனக்கு இளையவர்கள். அதனால் எல்லோருக்கும் நான் மூத்த சகோதரி, ராத்தா. பகிடிக்குள் ஒரு குத்தல் இருப்பது எனக்கு முதல் நாளே விளங்கியது. விளங்காத மாதிரிச் சிரித்து வைத்தேன்.

கல்முனை பிரதான வீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடிதான் ஒபீஸ். கம்பனிகள் தங்களுக்குள் கதைக்கவும், ஃபைல் அனுப்பவும், கூட்டம் வைக்கவும் ஒரு தளம் நடத்தினோம். அக்கரைப்பற்று அரிசி ஆலைக்காரர்கள் அதில் இருந்தார்கள், பெரிய கொழும்புக் கம்பனி ஒன்றும் இருந்தது. திரையில் தெரிவதெல்லாம் மற்றவர்களின் வேலை. திரைக்குப் பின்னால், அந்த மெசேஜும் ஃபைலும் போய் அடுக்குப்படும் தரவுத்தளம் என் வேலை. அதைத் துப்புரவாக்குவதும், பிரதி எடுத்து வைப்பதும், நின்றுபோனால் ஏன் நின்றது என்று தேடுவதும் நான்தான். ஓடிக்கொண்டிருக்கும்வரை அப்படியொன்று இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது.

என்னிடம் இருந்த பாஸ்வேர்ட்டை நாங்கள் சாவி என்போம். அந்தச் சாவி இருந்தால் யாருடைய கதையையும் வாசிக்கலாம். நான் வாசித்ததில்லை. எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எது வீங்கிப்போய்க் கிடக்கிறது என்று பார்ப்பேன், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கமாட்டேன். மூட்டை தூக்குகிறவன் நெல்லை எண்ணுவதில்லை. எத்தனை தரம் சொன்னாலும் அவர்கள் நம்பவில்லை. சாவி தங்கள் கையில் இருந்திருந்தால் வாசித்திருப்பார்கள் போலும், அதனால்தான் நம்ப முடியவில்லை.

மாரி தொடங்கிய கையோடு கொழும்புக் கம்பனி ஒரு நிபந்தனை போட்டது. ஒரு மெசேஜ்கூடத் தொலையக் கூடாதாம். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, இனி எதுவானாலும் இரண்டு இயந்திரங்களிலும் எழுதப்பட்ட பிறகுதான் "போய்விட்டது" என்று காட்ட வேண்டும் என்றார். அந்த இரண்டாவது இயந்திரம் அவருடைய பழைய கொம்பியூட்டர். நாட்டில் வெளிநாட்டுச் சாமான் இறக்க முடியாமல் கிடந்த காலத்தில், புதிது வாங்க வழியில்லாமல், அவர் மேசையில் இருந்ததைத் தூக்கி சேர்வர் அறைக்குள் வைத்திருந்தோம். அதுவரை முதலாவது இயந்திரம் தன் பாட்டில் எழுதும், இரண்டாவது பிறகு ஆறுதலாகப் பார்த்து எழுதிக்கொள்ளும். இப்போது இரண்டாவது "எழுதிவிட்டேன்" என்று சொல்லும்வரை முதலாவது காத்து நிற்க வேண்டும். சொன்னபடி மாற்றிக் கொடுத்தேன்.

கொஞ்ச நாளிலேயே கோளாறு தொடங்கிவிட்டது. பகல், ஆண்கள் எல்லோரும் லுஹர் தொழப் பள்ளிக்குப் போயிருந்த நேரம். அரிசி ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. மெசேஜ் போகவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றார்கள். பழையதை வாசிக்கலாம், புதிதாக ஒன்றும் ஏறவில்லை. கால் மணித்தியாலம் போல அப்படியே நின்றுவிட்டு, தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் போனது. ஆண்கள் தொழுதுவிட்டு வரும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தது. மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும் அதே கதை.

அந்த நேரத்தில் ஒபீஸில் இருப்பது நான் ஒருத்திதான். சாமான் அறையில் பாய் விரித்துத் தொழுதுவிட்டு, சோற்றுப் பார்சலைப் பிரிப்பேன். ஆக, கோளாறு வரும்போது பக்கத்தில் நான், சாவி என்னிடம், கடைசியாகக் கைவைத்ததும் நான். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எனக்கே அது நல்ல சாட்டாகப் படவில்லை.

முதலாவது இயந்திரத்தின் பதிவைப் பார்த்தால், இரண்டாவதோடு தொடர்பு அறுந்தது என்று இருந்தது. இரண்டாவதன் பதிவைப் பார்த்தால் அந்தக் கால் மணித்தியாலத்துக்கு ஒரு வரியும் இல்லை, வெறும் இடைவெளி. யாரோ அழித்திருக்கிறார்கள் என்று என் மனம் உடனே சொன்னது. நெட்வேர்க் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டேன்.

"கேபிள ஒருக்காப் பாருங்க தம்பி."

"கேபிள்ல ஒண்டும் இல்ல ராத்தா. மத்த நேரமெல்லாம் ஓடுதுதானே. நாங்க போனாப் பொறகு மட்டும் ஏன் நிக்கிது?"

"அத என்னட்டக் கேக்கிறீங்களா?"

"சும்மா கேட்டன்."

சும்மா என்ற சொல்லை நான் ஒருநாளும் நம்புவதில்லை. அன்றிலிருந்து அவன்மேல் எனக்குக் கண். அவனுக்குக் கொழும்பில் ஒரு மச்சான் இருந்தான், என் வேலையைப் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன். பள்ளியில் தொழுகைக்குக் கைகால் கழுவும் ஹவுளடியில் நின்றுகொண்டே இவன் போனில் இரண்டு விரலைத் தட்டினால் போதாதா? மச்சானுக்கு இடம் வைக்கிறான் என்று முடிவுகட்டினேன். ஒருவரிடமும் சொல்லாமல் பாஸ்வேர்ட்டை மாற்றினேன். மறுநாளும் நின்றது. நிற்கும் நேரம் மட்டும் நாட்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திக்கொண்டு போனது. ஆள் சோம்பேறியாகி வருகிறான் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

அந்த நாட்களில்தான் அந்த குரூப்பைக் கண்டேன். காலையில் வழக்கமாக எதில் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்ப்பேன். எங்கள் ஒபீஸ் ஆட்களின் பகுதியில் புதிதாக ஒரு தனிக் குரூப் முளைத்திருந்தது. என்னைத் தவிர எல்லோரும் அதில் இருந்தார்கள். மேலாளரும்தான். நாளுக்கு நாள் அது கொழுத்தது. ஒரு வரிக் கட்டளை அடித்தால் முழுவதும் என் திரையில் விழும். என்னைப் பற்றி யார் என்ன சொன்னான், யார் சிரித்தான், எல்லாம். விரல் துடித்தது, பொய் சொல்லமாட்டேன். வாசித்தால் அவர்கள் சொல்வது மெய்யாகிவிடும் என்ற ஒரே காரணத்துக்காக வாசிக்காமல் விட்டேன்.

பிறகு ஒருநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல, ஹஜ்ஜு செய்தவர், அதிர்ந்து கதைக்காதவர்.

"புள்ள, கோவிக்காதீங்க. கொழும்பால கேக்கிறாங்க. கொஞ்ச நாளைக்குச் சாவி என்னட்ட இருக்கட்டும்."

"நான் கள்ளி எண்டு சொல்றீங்களா சேர்?"

"அப்பிடி ஆரு சொன்ன?"

"சொல்லாமத்தானே எடுக்கிறீங்க."

அவர் மற்றதையும் சொன்னார். மாதம் முடியுமுன் கோளாறு தீராவிட்டால் தரவுத்தள வேலையைக் கொழும்புக்கே எடுத்துவிடுவார்களாம். இரண்டாவதற்காகக் காத்து நிற்கும் அந்த மாற்றத்தைத் திருப்பிப் பழையபடி போட்டுவிடுவோம் என்றேன். நிபந்தனையை மீறினால் அவர்களே போய்விடுவார்கள் என்றார். வேலை போவது ஒன்று. சாய்ந்தமருதிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் தூரத்தில் இப்படி இன்னொரு வேலை எனக்கு இல்லை. ஆனால் நான் பயந்தது பெயருக்கு. வீட்டில் உம்மாவிடம் சொன்னபோது அவ சோறு போடுவதை நிறுத்தாமல் சொன்னா:

"கள்ளப் பேரோட நீ கொழும்புக்குப் போனாலும், அந்தப் பேரு உனக்கு முன்னால போய் நிக்கும் மகள்."

சாவியைக் கொடுத்த பிறகும் கோளாறு நிற்கவில்லை. இனியாவது விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் நெட்வேர்க் தம்பி சொல்வது கேட்டது: "ராத்தா சாவியக் குடுக்கக்குள்ள உள்ளுக்கு ஏதாவது வச்சிட்டுக் குடுத்திருப்பா." சாவி இருந்தாலும் நான்தான், இல்லாவிட்டாலும் நான்தான். சந்தேகத்துக்கு எல்லா வழியும் ஒரே வீட்டுக்குத்தான் போகும். நான் அவனைச் சந்தேகித்ததும் அதே விதமாகத்தான் என்பது அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை. ஆத்திரம் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் ஆண்கள் படியிறங்கிய சத்தம் அடங்கியதும் நான் சாமான் அறைக்குப் போகவில்லை. ஒரு கதிரையை இழுத்து சேர்வர் அறைக்குள் போட்டுக்கொண்டு குந்தினேன். யார் வந்தாலும் பிடிக்க வேண்டும், ஒருவரும் வராவிட்டால் அதையாவது கண்ணால் காண வேண்டும். வெளியே மழை. இரண்டு இயந்திரங்களின் காற்றாடிகளும் இரைந்துகொண்டிருந்தன. பெரிய பள்ளியில் பாங்கு தொடங்கியது. முதல் அல்லாஹு அக்பர் முடியுமுன் அறையில் ஒரு இரைச்சல் குறைந்தது. பழைய கொம்பியூட்டரின் காற்றாடி நின்றிருந்தது. பச்சை விளக்கு மெதுவாக மின்னத் தொடங்கியது. ஒருவரும் உள்ளே வரவில்லை, ஒருவரும் தொடவில்லை. பாங்கைக் கேட்டு ஒரு இயந்திரம் அடங்கியதைக் கண்டதும் எனக்கு மேல் புல்லரித்தது.

பயம் தெளிந்ததும் சாமான் அறைக்கு ஓடினேன். நான் தொழும் இடத்துக்கு நேரே தொழுகை நேர அட்டவணை தொங்குகிறது. தினமும் அதற்கு முன்னால்தான் நிற்கிறேன். மாரி தொடங்கிய நாளிலிருந்து லுஹர் நேரத்தை விரலால் கீழே தடவிக்கொண்டு வந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திக்கொண்டு போனது. என் சோம்பேறிக் கள்ளன் நடந்த அதே நடை. லுஹர் சூரியனோடு நகரும், மனிதன் கடிகாரத்தைப் பார்த்து வருவான். சூரியனைப் பார்த்து வருகிறவன் மனிதன் அல்ல என்று அப்போதுதான் விளங்கியது.

ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் மேலாளர் தொப்பியை எடுக்கும்போது முன்னால் போய் நின்றேன்.

"சேர், இண்டைக்குக் கொஞ்சம் பிந்தி, ரெண்டாவது ஜமாஅத்துக்குப் போங்க. ஒரு சாமான் காட்டணும்."

அவர் தயங்கினார். தனியாக என்னோடு ஒரு அறைக்குள் இருக்க அவருக்கு விருப்பமில்லை என்று விளங்கி, கதவை அகலத் திறந்து வைத்தேன். நெட்வேர்க் தம்பியையும் நிற்கச் சொன்னேன். பழைய கொம்பியூட்டருக்குத் திரையை மாட்டினேன். பாங்கு தொடங்கியதும் திரையில் பச்சை நிறப் பெட்டி ஒன்று வந்தது: "லுஹர் நேரம். வேலையை நிறுத்துங்கள்." அடுத்த நொடி திரை கறுத்தது, காற்றாடி நின்றது. தொழுது முடிக்கும் நேரம் கழிந்தால் தானாக எழும்பும்.

மேலாளர் வாயில் கையை வைத்துக்கொண்டார். "அஸ்தஃபிருல்லாஹ். இது நான் போட்டது." வேலை மும்முரத்தில் லுஹர் தவறிப்போகிறது என்று, அந்தக் கொம்பியூட்டர் அவர் மேசையில் இருந்த காலத்தில், லுஹருக்கு மட்டும் தன்னைத் தூங்கவைக்கும்படி அவரே அமைத்தது. பிறகு அது மேசையிலிருந்து சேர்வர் அறைக்குப் போனது. அந்தப் புரோகிராமை யாரும் அழிக்கவில்லை. தொழுகை சம்பந்தப்பட்ட ஒன்றை அழிப்போமா என்று யாருக்கும் கேள்வியே வந்திருக்காது. அது தினமும் தூங்கியிருக்கிறது. முதலாவது அதற்காகக் காத்து நிற்காத காலத்தில் தூங்கியது ஒருவருக்கும் தெரியவில்லை. அது சத்தம் போட்டு அழைக்க அந்த அறையில் ஸ்பீக்கரும் இல்லை.

"நல்லதுக்குப் போட்டது புள்ள," என்றார்.

"ஓம் சேர். நல்லதுக்குத்தான் என்ட சாவியையும் எடுத்தீங்க."

அவர் அன்று பின்னேரமே சாவியைத் திருப்பித் தந்தார். கொழும்புக்குக் கடிதமும் எழுதினார், தவறு தன்னுடையது என்று. நான் கேட்டு எழுதியது அல்ல, அதைச் சொல்ல வேண்டும். அந்தச் சின்னப் புரோகிராமை நான் இரண்டாவது இயந்திரத்திலிருந்து எடுத்து, அவருடைய புதுக் கொம்பியூட்டரில் போட்டுக் கொடுத்தேன்.

படியிறங்கும்போது நெட்வேர்க் தம்பி பின்னால் வந்தான்.

"ராத்தா, அந்த குரூப்ப வாசிச்சீங்களா?"

"இல்ல."

"மெய்யா?"

"அல்லாஹ் மேல சத்தியமா இல்ல."

சிரித்தான். நம்பவில்லை என்பது சிரிப்பிலேயே தெரிந்தது. அவனும் நானும் ஒரே பஸ்ஸில்தான் ஏறினோம். நான் முன்னால் இருந்தேன், அவன் பின்னால் இருந்தான்.

மறுநாள் காலை வழக்கம்போல எதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். அந்த குரூப்பைக் காணவில்லை. முழுவதையும் அழித்திருந்தார்கள். நான் அமைத்துக் கொடுத்தபடியே இரண்டு இயந்திரங்களிலும் ஒரே நேரத்தில் ஒழுங்காக அழிந்திருந்தது. முந்தின நாள் பின்னேரம், சாவி கைக்கு வந்ததும் நான் எடுத்த பிரதியில் மட்டும் அது இன்னும் இருந்தது. தரவுத்தளம் பார்க்கிறவள் பிரதி எடுத்து வைப்பாள் என்பதை மறந்துவிட்டார்கள்.

அந்தப் பிரதியை நான் திறக்கவில்லை. என்னைப் பற்றி நல்லதாக எழுதியிருந்தால் யார் அழிப்பான்?