அவளுக்குப் பொட்டளவு, எனக்கு ஒரு சாண்

டெக்ஸாஸ் மாநிலம் ரிச்சர்ட்சன் ஊரில் எங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படியில் ஐஸ் கட்டியிருந்த ஒரு காலையில், நான் வழுக்கி விழுந்து இடது முட்டிக்குக் கீழே எலும்பை உடைத்துக்கொண்டேன். டாக்டர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்து, பிளேட் வைத்து, ஸ்க்ரூ முடுக்கினார். மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார். அந்த வருஷம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் எல்லோரும் கும்மியடிக்க, நான் கடைசி வரிசையில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன். அடுத்து வந்த கோடையில், அந்த டெக்ஸாஸ் வெயிலிலும் நான் ஷார்ட்ஸ் போடவில்லை.

மறு குளிர்காலம் கீழ் வீட்டுப் பெண் அதே படியில் விழுந்தாள். என் இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவள். என்னைவிட ஐந்து வயது சின்னவள், அக்கா அக்கா என்று சுற்றிவருவாள். உடைந்ததும் அதே எலும்புதான். ஆனால் அவளுக்கு வாய்த்த டாக்டர் வேறு. சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, டிவியில் பார்த்தபடியே அமுங்கிப்போன எலும்பைத் தூக்கி நிறுத்தி ஸ்க்ரூ போட்டுவிட்டார். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒவ்வொரு தழும்பும் சாந்துப் பொட்டு அளவு!

ஆபரேஷனை வீடியோ கேசட்டில் வேறு கொடுத்திருந்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் கல்யாண கேசட் மாதிரி அதைப் போட்டுக் காட்டினாள்.

"இப்ப பாருங்க ஆன்ட்டி, எலும்பைத் தூக்கி விடறாரு!"

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நான் செய்து எடுத்துப்போன ரசத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மாடியேறும்போது என் கணவர் சொன்னார்: "அவங்க எவ்ளோ போல்டா இருக்காங்க பாரு. நீ மூணு மாசம் வீட்டையே ரெண்டு பண்ணின."

எனக்கு வயிறு எரிந்தது. என் வலியையே பொய்யாக்கிவிட்டாளே என்று ஆத்திரமாக வந்தது.

ஏழாவது வாரம் அவள் கேட்டாள். "அக்கா, சனிக்கிழமை பொங்கல் ப்ரோக்ராம். கும்மில சும்மா ஒரு ரவுண்டு ஆடிடவா? டாக்டர் மூணு மாசம் வெயிட் போடக் கூடாதுங்கறாரு. ஆனா வலியே இல்லக்கா. நீங்க பட்டவங்க, நீங்க சொல்லுங்க."

பதில் எனக்குத் தெரியும். தோல் ஆறுவது வேறு, எலும்பு கூடுவது வேறு என்று என் காலுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வெளியே ஓட்டை எவ்வளவு சின்னதாக இருந்தால் என்ன, உள்ளே எலும்பு கூடுவதற்கு அதே நாட்கள்தான் ஆகும்.

"உனக்கென்னம்மா," என்றேன். "என்னை மாதிரியா கிழிச்சாங்க? ஓட்டை போட்ட காலுதானே!"

அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். நானும் திருத்தவில்லை.

ஆடினாள். மூன்றாவது சுற்றில் முகம் வெளுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கி நிறுத்திய எலும்பு உள்ளே இறங்கிவிட்டதாம். இந்த முறை கிழித்துத்தான் பிளேட் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கட்டின் நீளத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்று இருந்தது. அப்புறம்தான் என்மேலேயே அருவருப்பு வந்தது.

பக்கத்தில் நின்ற ஆன்ட்டி ஒருவர், "யாரு உன்னை ஆடச் சொன்னது?" என்று அவளை அதட்டினார். நான் குனிந்து அவள் போர்வையைச் சரிசெய்தேன்.

"யாரும் சொல்லல ஆன்ட்டி. நான்தான் அவசரப்பட்டேன். அக்காகிட்ட இன்னும் நல்லாக் கேட்டிருக்கணும்," என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குத்திக்காட்டுகிறாளா என்று அவள் முகத்தையே பார்த்தேன். இல்லை, மனசாரத்தான் சொன்னாள். என் இடத்தில் அவள் இருந்திருந்தால் என்னை ஆட விட்டிருக்க மாட்டாள். அந்த நல்ல மனசைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.