நின்ற பிறகு வந்த சொட்டு

"எனக்கு வயசு திரும்புது சரோ" என்றார் ஜெய்புன் ராத்தா.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. எங்கள் தீவில், டாலிகஞ்சில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு ராத்தாவுடையது. ராமநாதபுரம் பக்கம் சொந்த ஊர்; அவர்கள் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். கணவர் காதர் பாய் அபர்தீன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறார். ராத்தாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆகிறது. அதுதான் திடீரென்று மறுபடி எட்டிப் பார்த்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக.

விஷயம் குழாயடிக்குப் போனது. தொட்டில் வாங்கச் சொல்லிக் கேலி செய்தார்கள். ராத்தாவும் சேர்ந்து சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் இரண்டாவது பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி டாக்டரம்மா போகிற போக்கில் ஒன்று சொல்லியிருந்தார் – தீட்டு அடியோடு நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் வந்து காட்ட வேண்டும், வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது.

"ராத்தா, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எதுக்கு? வலியா, காய்ச்சலா? ஒண்ணுமில்லியே."

"வலி வந்த பிறகு போனா லேட்டாயிடும்."

"அவுகளுக்குத் தெரிஞ்சா?"

அவுக என்றால் காதர் பாய். முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். மீன் விலை கூடினால் சொல்லத் தெரிந்த மனைவிக்கு, இதைச் சொல்ல வாய் வரவில்லை. ராத்தா மட்டுமா? நம்மில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் கேட்பாரா? ஒரு வாரம் இழுத்தடித்தார். நானும் தினமும் காலையில் போய் நின்றேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் கிளம்பினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா வங்காளி. தமிழ் தெரியாது. ராத்தாவுக்கு மீன்காரரோடு பேரம் பேசும் அளவுக்கு ஹிந்தி வரும். ஆகவே நான்தான் துபாஷ்.

"தக்லீஃப் கஹான் ஹை?" – தொந்தரவு எங்கே என்று கேட்டார் டாக்டரம்மா.

"அங்கேன்னு சொல்லு சரோ" என்று என் முழங்கையை இடித்தார் ராத்தா.

"வஹான்" என்றேன்.

"வஹான் மத்லப்? அங்கே என்றால் ரங்கத் ஊரிலா, கல்கத்தாவிலா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. வாரா வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் உங்களோடு வாய் ஓயாமல் பேசுகிறவள் நான். ஹிந்தியில் சொல் கிடைக்கவில்லை. சரி, தமிழில்? நினைத்துப் பார்த்தேன்... புத்தகத்தில் இருக்கிற சொல் நாக்குக்கு வரவில்லை. நாக்குக்கு வருகிற சொல்லைச் சபையில் சொல்ல முடியாது. சந்தையில் விற்கிற மீனுக்கெல்லாம் பெயர் தெரிகிறது. நம் உடம்பில் ஓர் இடத்துக்கு 'அங்கே' என்பதுதான் பெயர்!

டாக்டரம்மா கோபிக்கவில்லை. ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். கவிழ்த்த கத்திரிக்காய் மாதிரி ஒன்று. இது கருப்பை, கீழே இது அதன் வாய், இது வெளியே வரும் வழி. ராத்தா தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா? இதுக்குள்ளயா அஞ்சு புள்ளையை வச்சிருந்தேன்?"

மொழிபெயர்த்துச் சொன்னேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். அதன் பிறகு ராத்தாவுக்குக் கூச்சம் பாதி போய்விட்டது. திரைக்குப் பின்னால் பரிசோதனை நடந்தது. "உள்ள என்னமோ ஜில்லுன்னு வச்சாங்க. அம்புட்டுத்தான். பல்லுப் புடுங்கறதுக்கு இது தேவலை" என்றபடி வெளியே வந்தார்.

ஆனால் டாக்டரம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. ராத்தாவை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கச் சொன்னார். வயிற்றுவலி என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பினோம். மயக்க மருந்து கொடுத்து, கருப்பைக்குள்ளிருந்து கொஞ்சம் சதை சுரண்டி எடுத்தார்கள். அதைச் சோதிக்க மெயின்லேண்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். கப்பலில் போய், முடிவும் கப்பலில் வர வேண்டும். அந்தச் சமயம் பார்த்துக் கடல் கொந்தளிப்பு. கப்பல் தாமதம்.

அந்த நாட்களில் ராத்தா வழக்கம்போலச் சமைத்தார், பேரன்களை அதட்டினார். குழாயடிக்கு மட்டும் வரவில்லை. ஒரு மாலை என் வீட்டுப் படியில் உட்கார்ந்து, "கடைக்குட்டிக்கு இன்னும் நிக்காஹ் முடிக்கலியே சரோ" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முடிவு வந்தது. புற்று இல்லை. ஆனால் அந்த வழியில் மாறத் தொடங்கியிருக்கிறது. விட்டுவைத்தால் ஆபத்து. இப்போதே கருப்பையை எடுத்துவிட்டால் கவலையில்லை. மெட்ராஸில் செய்துகொள்வது நல்லது என்றார் டாக்டரம்மா.

இனி காதர் பாயிடம் சொல்லாமல் முடியாது. "நீயே சொல்லிரு" என்று ராத்தா என் தலையில் கட்டிவிட்டார்.

கடைக்குப் போனேன். கஜக்கோலைக் கையில் பிடித்தபடி முழுவதையும் கேட்டார். காதர் பாய் அதிகம் பேசாத மனிதர். ஆனாலும் அன்றைக்குச் சத்தம் போடுவார் என்று நினைத்திருந்தேன்.

"இவ்வளவு நாளு என்கிட்ட சொல்லலியேம்மா" என்றார். "கடைக்கு வர்ற துணியில ஒரு இழை விட்டிருந்தாக்கூடப் பிரிச்சுப் பாக்கிறவன் நான். வீட்டுல கேக்காம விட்டுட்டேனே."

பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். அடுத்த கப்பலில் இருவரும் மெட்ராஸ் புறப்பட்டார்கள். சாத்தம் கப்பல் ஜெட்டியில் வழியனுப்பப் போனேன். ராத்தாவின் கையை அவர் விடவேயில்லை – பிள்ளைகள் முன்னாலேயே.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ராத்தா திரும்பி வந்துவிட்டார். கனமான குடத்தைத் தூக்குவதில்லை. மற்றபடி மீன்காரரிடம் பேரம் பேசும் குரல் மூன்று வீடு தள்ளிக் கேட்கிறது.

தோழிகளே, டாக்டரம்மாவிடம் கேட்டதை உங்களிடம் பச்சையாகவே சொல்லிவிடுகிறேன். நின்ற பிறகு ரத்தம் பட்டால் காட்டுங்கள். கணவரோடு சேர்ந்த பிறகு பட்டாலும், நாற்றத்தோடு வெள்ளை பட்டாலும், இரண்டு தீட்டுக்கு இடையில் ரத்தம் வந்தாலும் அப்படித்தான். பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும். அதை டாக்டர் சொல்லட்டும், குழாயடி சொல்ல வேண்டாம். இன்னொன்று... தீட்டுத் துணியை அடுப்படி இருட்டில், பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயப் போடாதீர்கள். சோப்புப் போட்டு அலசி வெயிலில் போடுங்கள். எங்கள் ஊரில் பாதி வருஷம் வெயிலே கிடையாது. அப்போது இஸ்திரி போட்டு ஈரத்தைப் போக்குங்கள். யார் பார்த்தால் என்ன?

இந்தப் பக்கத்தை வீட்டு ஆண்கள் படித்தால் மறைக்க வேண்டாம். படிக்கட்டும்.

ஏனென்றால் காதர் பாய் இப்போது கடையில் ஒரு வேலை செய்கிறார். புடவையை மடித்துக் கொடுக்கும்போது, தலையைக் குனிந்துகொண்டே, "வீட்டுல வயசான பொம்பளைங்க இருந்தா ஒருக்கா ஆஸ்பத்திரில காட்டச் சொல்லும்மா" என்கிறார். தூரத்துச் சௌல்தாரியிலிருந்து துணி எடுக்க வந்த பெண்கள்கூட அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

பழைய டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருப்பவரைப் போன வாரம் பார்த்தேன்.

"பஜாரில் காதர் என்று ஒருவர் நிறையப் பேரை அனுப்புகிறாரே, அவர் எங்கே படித்த டாக்டர்?" என்று கேட்டார்.

"வீட்டில்" என்றேன்.