கூறு இல்லாதவரும் உச்சிமணியும்

சாந்தோம் கோயிலிலிருந்து துணிமூட்டையோடு நொச்சிக்குப்பம் வந்து மணலில் உட்கார்ந்த பிறகு, உபதேசியார் சொன்னதுதான் சரி என்று எனக்குப் புரிந்துவிட்டது. வேலை போன பிறகு புத்தி வருவது என் வழக்கம்.

ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து காலியான பட்டணம் மறுபடி நிரம்பிய சமயம். ஐந்தாம் வகுப்போடு ஊர்சுற்றக் கிளம்பிய எனக்கு, அந்தக் கிறிஸ்தவக் கோயிலைப் பெருக்கி, மூன்று வேளையும் மணி அடிக்கும் வேலை கிடைத்திருந்தது. படுக்க இடம், குடிக்கக் கஞ்சி. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அன்று காலை உபதேசியார் ஞானோபதேச வகுப்பில், "சர்வேசுரனுக்குக் கூறு, துண்டுன்னு கிடையாது. அதனால நேத்து, நாளைங்கிறதும் கிடையாது" என்றார்.

துடைப்பத்தோடு நான் குறுக்கே புகுந்தேன். "உப்புக்கல்லு ஒரே துண்டுதானே ஐயா? நேத்தும் இருந்தது, இன்னிக்கும் இருக்கு."

"உப்பை உடைக்கலாம்டா."

"உடைக்காம வச்சா?"

அவரும் விடவில்லை. படிக்க வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். பங்குச்சாமியார் வந்து, "உச்சிமணி என்னாச்சு?" என்று கேட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. உபதேசியார் தரையைப் பார்த்தார். மூட்டை கட்டச் சொன்னது என்னைத்தான்.

குப்பத்தில் மீன் விற்கும் அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு சோறாக்கப் போவது என் மணியைக் கேட்டுத்தான்.

"இன்னாய்யா, தூங்கிட்டியா? உன்ன நம்பிக் குந்திக்கினு கீறேன். வூட்டுக்காரு பசில கத்துறாரு!"

"கடவுளப் பத்திப் பேசிக்கினு இருந்தேன்மா."

"அவருக்கு இன்னா, பசிக்கவா போவுது?"

அவள் பார்வைக்குத் தப்பி மணலில் உட்கார்ந்து யோசித்தேன். உப்புக்கல் வேறு, அது கிடந்த நாட்கள் வேறு. நேற்று போனாலும் கல் குறைவதில்லை. ஆனால் கூறே இல்லாதவர் என்றால், அவர் வேறு, அவர் வாழ்வு வேறு என்று பிரிக்க முடியாது; இரண்டும் ஒன்றுதான். ஒரு நாள் கழிந்தால் அவரிலேயே ஒரு துண்டு கழிந்ததாகிவிடும். துண்டே இல்லாதவருக்கு நாள் கழிய முடியாது.

திரும்பிப் போய்த் தோல்வியை ஒப்புக்கொண்டால் ராத்திரிக் கஞ்சியாவது கிடைக்கும் என்று எழுந்து நடந்தேன். பாதி வழியில் அந்திமணி ஒலித்தது. கயிற்றை அப்படி அவசரமாக இழுப்பவர் உபதேசியார் ஒருவர்தான். என் இடம் நிரம்பிவிட்டது. குப்பத்துக்கே திரும்பி ஒரு படகு ஓரமாகப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை திருவல்லிக்கேணியில் ஒரு சாப்பாட்டுக்கடைக்காரர், "பேசாம மாவாட்டுவியா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஆட்டுரல் முன்னால் உட்கார்ந்தேன்.