எட்டு ஓம் பெட்டி

எங்க பொண்ணுக்கு இன்னிக்குச் சாயங்காலம் ஸ்கூல் ஹாலில் முதல் கச்சேரி. பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். ஆம்ப்ளிஃபயர் இருந்தது, ஸ்பீக்கர் பெட்டி இல்லை. "நாலு ஓம் பெட்டியாப் பாத்து வாங்கியாங்கப்பா"ன்னு என்னை அனுப்பினாள்.

சேலம் கடையில் நாலும் இருந்தது, எட்டும் இருந்தது. பலாப்பழம் வாங்குற மாதிரி ரெண்டையும் தட்டிப் பார்த்தேன். எட்டுதான் கும்முனு கேட்டுச்சு. நம்பரும் பெருசாச்சேன்னு அதையே பஸ் மேல கட்டி ஏற்காடு கொண்டுவந்தேன்.

பின்பக்கம் எழுதியிருந்ததைப் பார்த்ததும் அவ முகம் வாடிருச்சு.

"ஆம்ப்ளிஃபயர் எரிஞ்சிருமா கண்ணு?"

"எரியாதுப்பா. ஓம் கூடுனா கரண்டு கம்மியாத்தான் போகும், சத்தந்தான் கம்மியா வரும்."

"போய் மாத்தியாரட்டா?"

"நீங்க மலையெறங்கி ஏறுறதுக்குள்ள கச்சேரியே முடிஞ்சிரும். முன்னாடி வந்து உக்காருங்க, போதும்."

உட்கார்ந்தேன். டிரம்ஸ் அடிச்ச அடியில் அவ வாசிச்சது ஒண்ணும் காதில் விழவில்லை. மெதுவா எழுந்து போய், மேடையோரம் இருந்த பெட்டி மேல கையை வெச்சேன். உள்ளங்கை பூரா அதிர்ந்தது. கடைசி வரைக்கும் எடுக்கவே இல்லை. அவளும் பார்த்துட்டுச் சிரிச்சா.

இப்போ, எங்க கடையை விட்டுக் கச்சேரிக்கு வரமுடியாத ஊட்டுக்காரி, "புள்ள வாசிச்சது நல்லாக் கேட்டுச்சுங்களா?"ன்னு கேக்குறா.

நொம்ப நல்லாக் கேட்டுச்சுன்னு சொல்லிட்டேன். நீங்களா இருந்தா என்னங்க சொல்லியிருப்பீங்க?