கழற்றி வைத்த ஸ்பீக்கர்

திருகோணமலைத் துறைமுக வீதியில் நாங்கள் கம்ப்யூட்டர் கேம் விளையாடிய கடைக்கு எதிரே இராணுவக் காவலரண் இருந்தது. கேமில் சுடும் துவக்குச் சத்தம் வெளியே கேட்டால் தொலைந்தோம் என்று கடைக்காரர் ஸ்பீக்கரையே கழற்றி வைத்திருந்தார். திரையில் சுடும்போதெல்லாம் என் நண்பன்தான் வாயால் மெதுவாக "டப், டப்" என்பான்.

அந்தக் கேமின் இரண்டாம் பாகம் வருகிறது, வருகிறது என்று வருடக்கணக்காக எங்களைப் பேய்க்காட்டினார்கள். "வரட்டும், முதல் நான்தான் விளையாடுவன்" என்பான் அவன்.

ஒருநாள் பாண் வாங்கப் போன அவனைச் சந்தியில் யாரோ சுட்டுக் கொன்றார்கள். கடைக்குள் இருந்த எங்களுக்கும் அந்த வெடி கேட்டது. யார் சுட்டதென்று கேட்க ஊரில் ஒருவருக்கும் வாயில்லை.

அடுத்த மாதமே அந்தப் பாழாய்ப்போன இரண்டாம் பாகச் சீடி வந்தது. கடைக்காரர் ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டினார்.

"சத்தமா விளையாடுங்கோ தம்பியள். வாறது வரட்டும்."

முதல் வெடியிலேயே நான் வயரைப் பிடுங்கினேன். அச்சொட்டாக, அன்று சந்தியில் கேட்ட அதே சத்தம்.