ரெண்டு இஞ்ச் தூக்கிக் குடு

பாரம் ஏற்றியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிடும் வண்டிகளை நிமிர்த்திவிடுவதுதான் என் தொழில்; வண்டியோடு வருகிறவர்களை நிமிர்த்துவது என்னால் ஆகாது. பட்டறை வில்லியனூருக்கு வெளியே, ரோட்டு ஓரம். பக்கத்திலேயே கபூர் பாயின் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை. வேகத்தடையில் உங்கள் வண்டியின் அடிவயிறு உரசும்போது உங்கள் வயிற்றிலேயே யாரோ அரத்தை வைத்துத் தேய்த்தது போல இருந்திருக்கிறதா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ரெண்டு இஞ்ச் தூக்க வேண்டும், செலவு இல்லாமல் தூக்க வேண்டும்.

வேப்பங்கட்டை

கரையாம்புத்தூர் தனகோட்டி அண்ணன் கரும்பு விவசாயி. கரும்பு ஏற்றினால் அவருடைய பிக்கப் வண்டி முன்பக்கம் வானத்தையும் பின்பக்கம் பூமியையும் பார்க்கும். ஒரு நாள் காலையில் வந்தவர், கையிலிருந்த சாக்கிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஊர்த் தச்சரிடம் கொடுத்துச் சதுரமாக இழைத்து, பழைய இன்ஜின் ஆயில் தடவிக் கொண்டுவந்திருந்தார். "வேம்பு. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவுல இத்த வெச்சு போல்ட்ட முடுக்கு. செலவு முடிஞ்சிது" என்றார்.

மரம் நசுங்கும், பிளக்கும், ஓடும்போது கழன்று விழுந்தால் ஆக்சில் நகர்ந்துவிடும் என்று அரை மணி நேரம் சொன்னேன். "எங்க வூட்டு நிலையே வேம்புதான். முப்பது வருசமா அசையல" என்றார். "வூடு ஓடாதுண்ணே" என்றேன். கட்டைகளைத் திரும்பச் சாக்கில் போட்டுக்கொண்டார். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் கபூர் பாய் கடையில் பழைய பஸ்ஸின் ஸ்பிரிங் பட்டை ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அளவுக்கு வெட்டி, வளைவு அடித்து, இருந்த பட்டைகளோடு கூடுதலாகச் சேர்த்தேன். வண்டி நிமிர்ந்தது. பத்து நாள் கழித்து முழுப் பாரம் கரும்போடு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். பின்பக்கம் இம்மியும் உட்காரவில்லை. இறங்கி, சுற்றி வந்து, குனிந்து பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது: "நல்லாத்தான் செஞ்சிருக்க தம்பி. அந்தக் கட்டைய வெச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

மீன் தண்ணி

அஞ்சலை அக்கா பனித்திட்டில் மீன் எடுத்து வில்லியனூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறவர். வண்டி அவருடையது, ஓட்டுவது அவருடைய தம்பி. ஐஸ் பெட்டி ஏற்றினால் வண்டி இடிக்கிறது என்று வந்தார்கள். ஒரு பட்டை சேர்த்துத் தூக்கி அனுப்பினேன். நல்ல வேலை. நானே இரண்டு முறை தள்ளி நின்று ரசித்தேன்.

மறுநாள் காலையிலேயே வண்டி திரும்பி வந்தது. அக்காவின் புடவை தோளிலிருந்து இடுப்புவரை ஈரம். என்ன ஆனது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முன்பெல்லாம் பின்பக்கம் தாழ்ந்திருந்ததால் ஐஸ் உருகிய தண்ணீர் பின்னால் ஓடி ரோட்டில் போய்விடும். இப்போது நான் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டேன். தண்ணீர் முழுவதும் முன்னால் ஓடி, கேபினுக்குப் பின்னால் குளம் கட்டி, தம்பி பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பின்ஜன்னல் வழியாக உள்ளே அடித்திருக்கிறது.

முன் மூலையில் இரண்டு ஓட்டை போட்டு, தண்ணீர் கீழே இறங்கக் குழாய் வைத்துப் பற்றவைத்தேன். காசு வாங்கவில்லை, கேட்கும் முகமும் எனக்கு இல்லை. வேலை முடியும்வரை அக்கா வெயிலில் நின்று புடவையைக் காயவைத்தபடி கபூர் பாயிடம் சொன்னார்: "கடலுக்குப் போற எங்க வூட்டு ஆம்பளைங்ககூட இப்பிடி நனையறதில்ல பாய். நான் மார்க்கெட்டு வந்து சேர்றதுக்குள்ள நாலு அலை பாத்துட்டேன்."

மலை

ரகு காய்கறி ஏற்றுகிறவர், கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் இருந்தார். போனில் ஒரு வீடியோ காட்டினார். ஏதோ வெளிநாட்டில் ஒரு பிக்கப் வண்டி பாறைமேல் பல்லி மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. "இந்த ஒசரம் வேணும்ணா. ஆனா பட்ஜெட் கம்மி." கபூர் பாய் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வீடியோவை முழுசாகப் பார்த்தார். பிறகு, "நம்ம பக்கம் மலை எங்கப்பா இருக்குது?" என்று கேட்டார். ரகு யோசிக்கவே இல்லை: "எங்க தெரு முனையில போட்டிருக்கற ஸ்பீடு பிரேக்கர நீங்க பாத்ததில்ல பாய்."

ஏணி

அவ்வளவு உயரம் வேண்டாம், வளைவில் சாயும் என்று சொல்லி, நாலு இஞ்ச் கேட்டவரை இரண்டரைக்கு இறக்கினேன். ரகு அதோடு விடாமல் வேறு எங்கேயோ போய்ப் பெரிய டயரும் மாட்டிக்கொண்டார். கல்யாணம் ஆன மறு வாரம், புதுப் பெண்ணையும் மாமியாரையும் கோயிலுக்கு அழைத்துப் போகும் வழியில் பட்டறையில் நிறுத்தினார். முகத்தில் கல்யாணக் களை இல்லை.

"கொஞ்சம் இறக்கிக் குடுண்ணா" என்று காதருகில் சொன்னார். அந்தப் பெண் பட்டுப் புடவையோடு ஏற முடியாமல், பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஏறிக்கொண்டிருக்கிறதாம். ஸ்டூலை வண்டியின் பக்கக் கம்பியில் கயிற்றால் கட்டியே வைத்திருந்தார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி வேறு. ரகு அவிழ்த்துப் போட்ட ஸ்டூலில் கால் வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர், மாப்பிள்ளையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பையனுக்குச் சொந்த வண்டி இருக்குதுன்னுதான் பொண்ணு குடுத்தோம். சீரோட ஒரு ஏணியும் வெக்கணும்னு யாரும் கேக்கல."

நிக்கணும்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். வேலாயுதம் அண்ணன் பாகூரில் நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். பழைய வண்டி. மறுநாள் கல்யாண லோடு இருக்கிறது, சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடு என்றார். தூக்கிக் கொடுத்தேன். வண்டியின் உடம்பு மேலே போனதும், அங்கிருந்து ஆக்சிலுக்கு வரும் பிரேக் ஆயில் ரப்பர் குழாய் விறைப்பாக நின்றது. பார்த்தேன். நீளமான குழாய் மாற்ற வேண்டும் என்று தெரியும். அது வாங்க ஊருக்குள் போய்வர வேண்டும். ஒரு நாள்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

காலையில் போன் வந்தது. ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது குழாய் பிய்ந்திருக்கிறது. எதிரே ரயில்வே கேட் மூடி, பைக்கிலும் சைக்கிளிலும் ஜனங்கள் நின்றிருக்கிறார்கள். மிதித்தால் பிரேக் பிடிக்கவில்லை. அண்ணன் யோசிக்காமல் ஸ்டீயரிங்கை ஒடித்து, வண்டியை நடவு முடிந்த நெல் வயலுக்குள் இறக்கிவிட்டார். நானும் கபூர் பாயும் பைக்கில் போனோம். பாய்தான் ஓட்டினார். போய்ப் பார்த்தால் யாருக்கும் கீறல்கூட இல்லை. இருநூறு நாற்காலியும் சேற்றில் கிடந்தன. அதில் ஒன்றை வரப்பில் போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"தப்பு என்னுதுண்ணே. குழாயப் பாத்தேன், பாத்தும் விட்டுட்டேன்" என்றேன். அவர் எழுந்து, சேற்றிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வரப்பில் போட்டார். வயல்காரரிடம் நானே போய் நாற்றுக்கு ஈடு சொன்னேன். பக்கத்து பம்புசெட்டைப் போடச் சொல்லி, மூன்று பேரும் வரிசையாக நின்று நாற்காலிகளைக் கழுவினோம். கல்யாணத்துக்கு நேரத்தோடு வேறு வண்டியில் ஏற்றி அனுப்பினோம். அன்றிலிருந்து எந்த வண்டியைத் தூக்கினாலும் அந்தக் குழாயை முதலில் மாற்றாமல் சாவியைக் கொடுப்பதில்லை. அவசரப்படுகிறவர்கள் திட்டுகிறார்கள், திட்டட்டும். அண்ணன் அன்றைக்குக் கடைசி நாற்காலியைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வாயைத் திறந்தார்: "வண்டி ஒசரமா நிக்கணும்னுதான் உன்கிட்ட குடுத்தேன் தம்பி. நிக்கவே மாட்டேங்குது."

இத்தனை வருஷத்தில் நான் கண்டது, வண்டியை ரெண்டு இஞ்ச் தூக்க ஒரு பகல் போதும், அதற்கு அப்புறம் வாடிக்கையாளர் முன்னால் தலையைத் தூக்கத்தான் நாளாகிறது.